தெரியாதாரும் பாலையடிப் பெட்டியும்

ஒக்டோபர் மாதம் பதினைந்தாம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி பதினேழு நிமிடம். வடகிழக்கில் மூட்டம், காற்று இல்லை, மழை அளக்க முற்றத்தில் வைத்த பால்மா ரின்னில் முதல் நாள் மழை பதினொரு மில்லிமீற்றர். அந்த நிமிடத்தில்தான் என் படலைக்கு முன்னால் ஒரு வெள்ளை வான் வந்து நின்றது. அன்றைக்குத் தொடங்கிய வயிற்றெரிச்சல் இன்னும் முழுதாக ஆறவில்லை.

எரிச்சலுக்குக் காரணமானவரை முதலில் சொல்லிவிடுகிறேன். வன்னிப் பெருநிலப்பரப்பு முழுவதிலும் ஒரேயொரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு எழுபது வயதுவரை சீவித்த மனிதர் அவர் ஒருவர்தான். அந்தச் சொல் 'தெரியாது'. அதனாலேயே ஊரில் அவருக்குத் தெரியாதார் என்று பெயர். சொந்தப் பெயர் வாக்காளர் பட்டியலில் இருந்திருக்க வேண்டும். அதைத் தேடிப் பார்க்கும் தேவை யாருக்கும் வரவில்லை.

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் பாதையில் இறங்கி உள்ளே இரண்டு மைல் நடந்தால் எங்கள் குளம் வரும். தெரியாதாருடைய குடும்பம் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு கலவரத்துக்குப் பிறகு அங்கே வந்து காடு வெட்டிக் குடியேறியது. அரை நூற்றாண்டு எங்களோடு இருந்தும் அவருடைய பேச்சில் அந்த 'ங்க' போகவில்லை. தொழில் வயல் காவல். நூற்றுப் பதினெட்டு ஏக்கருக்குக் காட்டோரப் பரணில் இருந்து யானை பார்ப்பது. பார்ப்பது என்று மரியாதைக்கு எழுதுகிறேன். அவர் பரணில் செய்தது நித்திரை.

நான் கமநல சேவை நிலையத்தில் முப்பத்து நான்கு வருடம் எழுதுவினைஞராக இருந்தவன். எண்ணாத பொருள் என் வீட்டில் இல்லை. "கலியாணம் கட்டின நாளிலையிருந்து நான் எத்தினை தரம் பெருமூச்சு விட்டனான் எண்டும் எழுதி வைச்சிருப்பார்" என்று என் மனைவி வருகிறவர்களிடம் சொல்வாள். அது பொய். எழுதி வைத்திருந்தால் பல சண்டைகளில் உதவியிருக்கும்.

ஒருநாள் காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு மணிவரை தெரியாதாருடைய 'தெரியாது'களை எண்ணினேன். அறுபத்து மூன்று. அதுவும் அவர் ஏழு மணித்தியாலம் உறங்கிய நாளில்.

ஒருமுறை குடும்ப விபரம் எடுக்க ஓர் அலுவலர் வந்திருந்தார். தெரியாதாரை வாய்க்கால் கரையில் பிடித்துவிட்டார்.

"ஐயா, உங்கட வயசு?"

"தெரியாதுங்க."

"மனிசி வீட்டிலை இருக்கிறாவோ?"

"நான் வெளிய வரக்குள்ள இருந்திச்சுங்க. இப்பத் தெரியாதுங்க."

"பிள்ளையள் எத்தினை?"

"மூணுங்க."

"அப்பாடா, அதாவது தெரிஞ்சுதே."

"அது எண்ணிப் பாத்ததுங்க."

இன்னொரு நாள் ஒரு லொறிக்காரர் சந்தியில் நிறுத்தி, இந்த றோட்டு எங்கே போகிறது என்று கேட்டார். நான்தான் முந்தினேன். "நேரை போங்கோ. முல்லைத்தீவு. ஒரு தடையும் இல்லை." பக்கத்தில் குந்தியிருந்த தெரியாதார் மெதுவாகச் சொன்னார்: "நேத்துக் காலையில முல்லைத்தீவுக்குத்தான் போச்சுங்க. மழைக்குப் பொறவு எங்க போகுதுன்னு தெரியாதுங்க." லொறிக்காரர் சிரித்துவிட்டு என் சொல்லை நம்பிப் போனார். நாற்பது நிமிடத்தில் நடந்து திரும்பி வந்தார். மதகு உடைந்து, லொறியின் முன்சில்லு இரண்டும் வாய்க்காலுக்குள். அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் எந்தக் கொப்பியிலும் பதியவில்லை.

இனி வானுக்கு வருகிறேன். அதிலிருந்து நான்கு பேர் இறங்கினார்கள். முன்னுக்கு வந்தவர் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கும் கலாநிதி. அவருடைய பல்கலைக்கழகமும் கடல் கடந்த ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்து செயற்கை நுண்ணறிவில் ஓர் ஆய்வு செய்கின்றனவாம். நான் நான்கு கதிரைகளையும் துடைத்துப் போட்டேன்.

"காட்டோரத்திலை ஒரு பெட்டி வைப்பம் ஐயா" என்றார் கலாநிதி. "அது சத்தங்களைக் கேட்டுக்கொண்டிருக்கும். ஆனை வந்தால் உங்கட எல்லாற்றை போனுக்கும் கோல் எடுக்கும்."

"கரண்ட் ஆர் குடுக்கிறது, பிள்ளை?"

"அதுதான் ஆய்வே. ஒரு கொப்பியளவு சோலார் தகடு மட்டும்தான். பெரிய நாடுகளிலை இந்த நுண்ணறிவு குடிக்கிற கரண்டுக்கு எங்கட ஊருகள் தாங்காது. எங்கட பெட்டி கூடுதலா நித்திரை கொள்ளோணும். தேவைப்படேக்கை மட்டும் முழிக்கோணும்."

"பேந்து?"

"பேந்து, பொய் சொல்லக்கூடாது. நிச்சயமாத் தெரிஞ்சால் மட்டும் ஆனை எண்டு சொல்லோணும். தெரியாட்டி, தெரியாது எண்டு சொல்லோணும். இப்ப இருக்கிற இயந்திரங்களுக்கு அந்தச் சொல்லு வாயிலை வராது ஐயா. தெரியாததையும் தெரிஞ்ச மாதிரிக் கதைக்கும்."

"அது இயந்திரம் மட்டுமில்லை, பிள்ளை" என்று குசினிக்குள் இருந்து என் மனைவியின் குரல் வந்தது. நான் அதைக் கேளாதவன் போல் எழுந்து போய் என் கொப்பிகளை எடுத்து வந்தேன்.

நாற்பத்தொரு கொப்பிகள். இடம்பெயர்ந்தபோது உடுப்பை விட்டுவிட்டு இவற்றைத்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். யானை வந்த திகதி, நேரம், திசை, எண்ணிக்கை, வானிலை, கேட்ட சத்தம், பிற்காலத்தில் என் இரத்த அழுத்தம் உட்பட எல்லாம் அதில் உண்டு. கலாநிதி ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். படம் எடுத்தார்கள். நான் நேரடியாகவே கேட்டேன்: "உங்கட ஆய்வுக் கட்டுரையிலை என்ரை பேர் வருமோ?"

"உதவி செய்த ஆக்களின்ரை பேர் கட்டாயம் போடுவம், ஐயா."

எனக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. அதுவரை என் பெயர் அச்சில் வந்தது இரண்டே தடவை. ஒன்று ஓய்வுபெற்றோர் பட்டியலில், மற்றது அந்தப் பட்டியலில் என் பெயரைப் பிழையாகப் போட்டதற்கான திருத்தத்தில். இந்தப் பத்திரிகையில் எழுதும் பழக்கம் அதற்குப் பிறகு வந்தது. கடல் கடந்த ஒரு பல்கலைக்கழகத்தின் கட்டுரையில் என் பெயர். அன்றிலிருந்து நான் விரும்பியது அதை மட்டும்தான்.

போகிற வழியில் காட்டோரத்தைக் காட்டக் கூட்டிச் சென்றேன். அங்கேதான் என் கிரகம் பரணில் படுத்திருந்தது. கலாநிதி கீழே நின்று கேட்டார்: "ஐயா, ஆனை எந்தப் பக்கத்தாலை வரும்?"

"தெரியாதுங்க."

"எத்தினை மணிக்கு வரும்?"

"தெரியாதுங்க."

"அப்ப எப்பிடிக் காவல் காக்கிறீங்கள்?"

"வந்தாத் தெரியுங்க."

 கலாநிதி அவருடைய ரோச்சை வாங்கிப் பார்த்து, பற்றரி எத்தனை நாளுக்கு ஒருக்கால் மாற்றுவீர்கள் என்று கேட்டார். மற்றக் காவல்காரர் நான்கு நாளில் பற்றரியைத் தின்றுவிடுவார்கள். தெரியாதார் தலையைச் சொறிந்தார். "இது போட்டு ரெண்டு காலபோக அறுவடை ஆச்சுங்க. ஆனை வந்தாத்தானே அடிக்கணும்." கலாநிதி தன் சிறு கொப்பியில் எழுதினார். நான் பக்கத்தில் நின்று வரிகளை எண்ணினேன். அவருக்கு நாலு வரி. என் நாற்பத்தொரு கொப்பிக்கும் ஒன்றரை.

அடுத்த வாரம் கமக்காரர் அமைப்பின் கூட்டம், பிற்பகல் மூன்றரை மணி. கலாநிதி மடிகணினியில் கடல் கடந்த பேராசிரியரையும் கூட்டி வந்திருந்தார். எங்கள் தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தால் லேசில் விடமாட்டார். அன்றைக்கு நாற்பத்தாறு நிமிடம். மேலே மின்விசிறி கடகடக்க, பின்வரிசையில் தெரியாதார் வாயைத் திறந்தபடி நல்ல நித்திரை. தலைவர் அவரைக் காட்டி, "உதோ பாருங்கோ, எங்கட பாதுகாப்புப் படை" என்று முழங்கினார். சபை வெடித்துச் சிரித்தது. தெரியாதார் அசையவில்லை.

அந்த நேரம் கரண்ட் போனது. ஒலிவாங்கி செத்தது, மின்விசிறி நின்றது. மண்டபம் அமைதியாகிய அதே கணத்தில் தெரியாதார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்னங்க, ஆனையா?"

எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். கலாநிதி மட்டும் சிரிக்கவில்லை. அவர் பின்வரிசைக்கே போய்விட்டார்.

"ஐயா, இவ்வளவு சத்தத்துக்கும் எழும்பாதனீங்கள், இப்ப ஏன் எழும்பினனீங்கள்?"

"சத்தம் நின்னா முழிப்பு வருதுங்க. ஆனை வந்தா வயல்ல தவளை கத்துறத நிப்பாட்டிடும்ங்க."

"ஏன் நிப்பாட்டுது?"

"அது தவளைக்குத்தான் தெரியுங்க."

கலாநிதி திரும்பி ஓடிவந்து இதை மடிகணினிக்குள் ஆங்கிலத்தில் சொன்னார். திரைக்குள் இருந்த பேராசிரியர் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். அவருடைய அரைக்காற்சட்டையை அன்றைக்குச் சபை முழுவதும் கண்டது. சத்தத்துக்கு முழிக்கிற பெட்டி சிள்வண்டுக்கும் இடிக்கும் முழித்து முழித்து உள்ள கரண்டை முடித்துவிடுமாம். சத்தம் நிற்கும்போது முழிக்கிற பெட்டிக்கு அந்தக் கொப்பியளவு தகடே போதுமாம். நான் நாற்பத்தொரு கொப்பியில் வந்த சத்தங்களை எழுதியிருந்தேன். நின்ற சத்தத்துக்கு என்னிடம் ஒரு கொப்பி இருக்கவில்லை.

விட்டுக்கொடுக்கவில்லை நான். பெட்டிக்குப் படிப்பிப்பதற்காக அறுநூறு ஒலித்துண்டுகளைப் போனில் போட்டு ஆளுக்கொன்று தந்தார்கள். கேட்டுவிட்டு மூன்று பொத்தான்களில் ஒன்றை அமத்த வேண்டும்: யானை, யானை இல்லை, தெரியாது. நான் இரண்டே நாளில் முடித்தேன். யானை இருநூற்று எண்பத்தேழு, யானை இல்லை முந்நூற்றுப் பதின்மூன்று. மூன்றாவது பொத்தானில் என் விரல் படவில்லை. தெரியாதார் பத்தொன்பது நாள் எடுத்தார். அதில் இருநூற்றுப் பன்னிரண்டுக்குத் தெரியாது.

"பாத்தியளோ" என்றேன் மனைவியிடம். "மூன்றிலை ஒரு பங்குக்கு மேலை தெரியாதாம். ஆளை வீட்டை அனுப்பப் போகினம்."

கலாநிதி வந்தார். முகத்தில் ஒரு பரிவு இருந்தது. பரிவோடு வருகிற படித்தவர்களைக் கண்டால் எனக்கு நாடி எகிறும்.

"ஐயா, குறை நினைக்கக்கூடாது. அதுக்குள்ளை நாற்பது துண்டை இரண்டு தரம் போட்டிருந்தனாங்கள். ஆக்கள் ஒரே மறுமொழி சொல்லினமோ எண்டு பாக்க."

"சொன்னனான்தானே?"

"பதினேழிலை மாறிச் சொல்லியிருக்கிறியள்."

"அவர்?"

"ஒண்டிலையும் மாறேல்லை." பிறகு இன்னும் மெதுவாகச் சொன்னார்: "நானூற்றுப் பன்னிரண்டாவது துண்டு, நீங்கள் பெரிய கொம்பன் ஆனை எண்டு பக்கத்திலை குறிப்பும் எழுதியிருந்தனீங்கள். அது எங்கட பேராசிரியற்றை வீட்டு உடுப்புத் தோய்க்கிற மெசின், ஐயா."

குசினிக்குள் ஏதோ பாத்திரம் விழுந்தது. சிரிப்பை மறைக்கத்தான் போட்டாள் என்பது எனக்குத் தெரியும்.

ஆறுதலுக்கு என் குரலைக் கேட்டார்கள். பெட்டி போனில் பேசுவதற்கு இரண்டு குரல் வேண்டும். 'அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே, மேற்குத் திசையிலிருந்து காட்டு யானையொன்று…' என்று பதினான்கு தடவை பேசிக் கொடுத்தேன். அதை வெட்டி வெட்டி 'யானை வருகிறது' என்று இரண்டு சொல்லில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பெட்டிக்கு நிச்சயமில்லாதபோது பேசுவதற்குத் தெரியாதாருடைய குரல். அதை அவர் பேசிக் கொடுக்கவும் இல்லை. ஏதோ கேட்டதற்குச் சொன்ன மறுமொழியை அப்படியே எடுத்தார்கள்: 'தெரியாதுங்க, ஒருக்காப் பாருங்க.'

மார்கழியில் பெட்டி வந்தது. காட்டுப் பாதை தொடங்கும் இடத்தில் ஒரு பெரிய பாலைமரம் நிற்கிறது. அதற்கு ஏழு கவடு நடை தள்ளி, வெய்யில் படும் இடத்தில், ஆளுயர இரும்புக் கம்பத்தில் பூட்டினார்கள். முதல் மூன்று வாரத்தில் எங்கள் போன்களில் அவருடைய குரல் இருபத்தாறு தடவை வந்தது. என்னுடையது மூன்று. கலியாண வீட்டில், கோயிலில், தண்ணீரூற்றுச் சந்தையில், எங்கே போன் அடித்தாலும் 'தெரியாதுங்க'. ஊரே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. சிரித்துவிட்டு எழும்பிப் போய்ப் பார்த்தது. இருபத்தாறில் ஒன்பது தடவை அங்கே யானை நின்றது.

தைப்பொங்கல் கழிந்த மூன்றாம் நாள். காணாமற்போன நாம்பன் மாட்டைத் தேடிக் காட்டுக்குள் இறங்கப் போனேன். எங்கள் பகுதியில் காட்டுக்குள் இறங்குகிறவர்கள் ஓர் இலைக்குழை முறித்துப் பாலையடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள். அங்கே சிலை இல்லை, கூரை இல்லை, ஒரு கல் மட்டும். பிள்ளையார் என்று நினைத்தால் பிள்ளையார். ஐம்பது வருடமாக நானும் அந்தக் கல்லடியில்தான் வைத்து வந்தேன். அன்றைக்கு என் கை ஏழு கவடு தள்ளிப் போய், பெட்டிக் கம்பத்தில், தகட்டுக்கு மேலே இருந்த ஆணியில் குழையைக் கொழுவியது. ஒரு சிறு குழை போதும். நான் முறித்தது கொப்பு. அதில் எத்தனை இலை என்று நான் எண்ணவில்லை. வாசகர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: நான் எண்ணவில்லை.

பரணை நிமிர்ந்து பார்த்தேன். தெரியாதார் கண்மூடிக் கிடந்தார்.

எனக்குப் பின்னால் வந்தவர்கள் என் குழையைக் கண்டார்கள். யானையைத் தடுக்கும் பெட்டிக்குள் பிள்ளையார் இடம் மாறிவிட்டார் என்று அவர்களுக்குப் பட்டிருக்க வேண்டும். விறகுக்குப் போனவர்கள், மாடு தேடிப் போனவர்கள், தேனுக்குப் போனவர்கள், எல்லோரும் ஆளுக்கொரு குழையை அங்கேயே கொழுவினார்கள். ஒருவர் தகட்டில் சந்தனமும் பூசினார். ஒன்பதாம் நாள் பெட்டி வெய்யில் காணாமல் அணைந்தது. அது அணைந்தது ஒருவருக்கும் தெரியவில்லை. கோல் வராவிட்டால் யானை இல்லை என்றுதான் ஊர் நினைத்தது. பெட்டியை நம்பி, குளத்தின் அடுத்த கரைக் காவல்காரர் இருவரும் அதற்கு முன்னரே வீட்டோடு நின்றுவிட்டார்கள்.

பத்தாம் நாள் மாலை ஐந்து ஐம்பதுக்கு இரண்டு யானைகள் அடுத்த கரையால் இறங்கின. அறுவடைக்குப் பன்னிரண்டு நாள் இருந்த நெல். தெரியாதார் இந்தக் கரைப் பரணிலிருந்து குதித்து, கையில் யானைவெடியோடு, குளக்கட்டு நீளத்துக்கும் ஓடினார். எழுபது வயது மனிதர். அவர் போய்ச் சேர்ந்து வெடி கொளுத்தும்போது தலைவருடைய வயலில் மூன்று ஏக்கர் மிதிபட்டிருந்தது. மீதி நூற்றுப் பதினைந்து ஏக்கரும் தப்பியது.

இரண்டு நாளில் கலாநிதி வந்தார். கம்பத்தைச் சுற்றி ஊர் நின்றது. குழைகளை நானே கழற்றி எண்ணிக் கொடுத்தேன். எழுபத்து நான்கு. 

தலைவர் கொதித்துக்கொண்டிருந்தார். "ஆர் முதல் குழையைக் கொழுவினது? அந்த மனுசன் இண்டைக்கு வெளியாலை வரோணும். எங்கட வழக்கத்திலை குழை கல்லடியிலை. ஆணியிலை இல்லை. இது ஆரோ வேணுமெண்டு செய்த வேலை."

கலாநிதி கோபிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "நம்பிக்கையிலை கொழுவியிருந்தால் பிரச்சினை இல்லை. கம்பத்தை உயர்த்தலாம். ஆனால் ஆரோ மறைக்கிறதுக்கெண்டே கொழுவியிருந்தால், இந்த ஊரிலை பெட்டியை விட்டுட்டுப் போகேலாது. வேறை மாவட்டத்துக்குக் கொண்டுபோகச் சொல்லுவினம்."

பெட்டி போனால் ஊர் என்னை விடாது. என் பெயர் கட்டுரையில் வருவது கிடக்கட்டும், ஊர் வாயில் வந்துவிடும், நான் சாகும்வரை. என் நாடியைப் பிடித்துப் பார்த்தேன். நூற்றுப் பதினெட்டு.

தலைவர் திரும்பினார். "தெரியாதார், நீர்தானே எந்த நேரமும் உதிலை கிடக்கிறனீர். ஆரைக் கண்டனீர்?"

தெரியாதார் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை மூன்று விநாடி இருக்கும்.

"தெரியாதுங்க" என்றார்.

அவ்வளவுதான். ஒருவரும் மறுகேள்வி கேட்கவில்லை. வேறு யார் அதைச் சொல்லியிருந்தாலும் ஊர் விட்டிருக்காது. அவருடைய தெரியாதை மதகடியில் இருந்து பல்கலைக்கழகம் வரை எல்லோரும் சோதித்துப் பார்த்திருந்தார்கள். கலாநிதி தன் கொப்பியில் 'முதல் குழை: தெரியாது' என்று எழுதி மூடினார். தலைவரும் முணுமுணுத்துக்கொண்டு அடங்கிவிட்டார்.

எல்லோரும் போனபின் பரணடிக்குப் போனேன்.

"அண்டைக்கு நீர் நித்திரையெல்லோ?"

"நித்திரைதாங்க, கிளாக்கரய்யா. நீங்க கொப்பு முறிக்கக்குள்ள மரத்துல புலுனிக் குருவியெல்லாம் கத்துறத நிப்பாட்டிருச்சுங்க."

"அப்ப கண்டிருக்கிறீர்."

"கண்டதுதாங்க."

"பேந்தேன் தெரியாது எண்டனீர்?"

அவர் ரோச்சை எடுத்துத் துடைத்தார். "சாமிக்குக் கொழுவுனீங்களா, பொட்டிய மறைக்கக் கொழுவுனீங்களான்னு எனக்குத் தெரியாதுங்க. உங்களுக்குத் தெரியுமா?"

நான் காலடியில் கிடந்த இலைகளை எண்ணத் தொடங்கினேன். பதினொன்றில் நிறுத்தினேன்.

"அவை கேட்டது 'ஆர்' எண்டு. 'ஏன்' எண்டு கேக்கேல்லை" என்றேன் கடைசியில். சட்டப்படி நான் சொன்னதுதான் சரி. ஆனால் அதற்குள் அவர் கண்ணை மூடிவிட்டார்.

என் கணக்கில் அவர் எனக்குப் பட்ட கடன் எதுவும் இல்லை. சபையில் அவரைப் பற்றி நான் சொன்ன பகிடிகளை அவர் காதாலேயே கேட்டிருக்கிறார். வாழ்நாள் முழுதும் சேர்த்து வைத்த ஒரு சொல்லின் பெறுமதியை ஒரு காலையில் எடுத்து எனக்காகச் செலவழித்துவிட்டுப் படுத்துக்கொண்டார். இந்தப் பந்தியைக் கலாநிதி வாசிப்பார். வாசிக்கட்டும். கொழுவியது நான்தான்.

கம்பத்தை இரண்டு மடங்கு உயர்த்தினார்கள். குழைக்குக் கீழே வேறு ஆணி. சாகப் போகும் பெட்டி, சாகுமுன் அதை ஊருக்குச் சொல்லிவிட்டுத்தான் சாக வேண்டும் என்ற புது விதியையும் அதற்குள் ஏற்றினார்கள். கட்டுரை வந்தது. கடைசிப் பக்கத்து நன்றியில் ஒரு முழுப்பெயர் தனி வரியில் நின்றது. அது யாரென்று கேட்டேன். தெரியாதாராம். ஐம்பது வருடம் பக்கத்தில் இருந்துவிட்டு அவருடைய பெயரை நான் ஆங்கிலத்தில்தான் முதலில் வாசித்தேன். அதற்குக் கீழே 'மற்றும் ஏனையோர்' என்று இருந்தது. ஏனையோரில் நான்தான் முதலாவது என்று என் மனைவி இன்றுவரை சொல்லி வருகிறாள்.

எரிச்சல் அதோடு முடியவில்லை. சித்திரையில் அதே வெள்ளை வான் வந்து தெரியாதாரை ஏற்றிக்கொண்டு போனது. வவுனியாவில் வாடகைக்கு எடுத்த வீட்டில் ஆய்வுகூடம். குளிரூட்டிய அறை, சுழல் கதிரை, காதில் ஒலி கேட்கும் கருவி, மாதச் சம்பளம். புதுப் பெட்டிகள் கேட்கும் சத்தங்களைக் கேட்டு, தெரிந்தால் தெரியும் என்றும் தெரியாவிட்டால் தெரியாது என்றும் சொல்வதுதான் வேலை. வேலை நேரத்தில் நித்திரை கொள்ளலாம் என்று கடிதத்திலேயே எழுதியிருக்கிறதாம். முப்பத்து நான்கு வருட அரச சேவையில் நான் நித்திரை கொண்டது நான்கு தடவை. அதில் ஒன்றுக்கு விளக்கம் கேட்டார்கள்.

நான் சனிக்கிழமைகளில் வவுனியாவுக்குப் போய் வருகிறேன். கண் டொக்டரிடம் என்று வீட்டில் சொல்கிறேன். "சனிக்கிழமையிலை கண் டொக்டர் இருக்கிறேல்லையே" என்று ஒரு நாள் மனைவி கேட்டாள். "புது டொக்டர்" என்றேன். அவள் என் சேட்டை இஸ்திரி போட்டுத் தந்தாள். அங்கே போய் எதிரில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து ஊர்ப் புதினம் சொல்வேன். கேட்கிறாரா உறங்குகிறாரா என்று விளங்காது. நாலு மணி பஸ்ஸுக்கு எழும்பும்போது, "அடுத்த கிழமையும் வருவீங்களா, கிளாக்கரய்யா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்பார். தெரியாது என்று சொல்லிவிட்டு வருவேன்.

போக நூற்று எண்பது, வர நூற்று எண்பது, அவருக்குப் பிடித்த கதலியில் ஒரு சீப்பு இருநூற்று நாற்பது. இன்றோடு முப்பத்தொரு சனிக்கிழமை. மொத்தம் பதினெட்டாயிரத்து அறுநூறு ரூபாய்.